ஏரியை வெட்டியது யார்?

பாரிஸ் நகரத்துத் தேசிய நூலகத்தில் பாகூருக்குச் சொந்தமான ஐந்து செப்பேடுகள் இருக்கின்றன. 1879-ஆம் வருஷம் பாகூரில் அகப்பட்டவை அவை. விழுப்புரத்திலிருந்து வில்லியனூர் வழியாகப் புதுச்சேரிக்கு ரயில் ஓடத் தொடங்கியதும் அதே வருஷந்தான். ரயில் வந்தது, செப்பேடுகள் போயின. நம்முடைய பழம்பொருள்கள் பலவற்றின் சரித்திரத்தை இந்த இரண்டு வாக்கியத்தில் சொல்லி முடித்துவிடலாம். எடுத்துக்கொண்டு போனவர்களைக் கோபித்துக்கொண்டு பயனில்லை. இங்கேயே இருந்திருந்தால் ஏதாவது ஒரு வீட்டில் அண்டாவாகவோ குடமாகவோ உருமாறியிருக்கக் கூடும்.

பல்லவ அரசன் நிருபதுங்கவர்மனின் எட்டாவது ஆட்சி ஆண்டில், அதாவது கி.பி. 877 வாக்கில், எழுதப்பட்ட தானப் பத்திரம் அது. பாதி வடமொழி, பாதி தமிழ். வாகூரிலிருந்த வித்யாஸ்தானத்துக்கு, அதாவது கல்விச் சாலைக்கு, நிலைதாங்கி என்ற தலைவன் வேண்டிக்கொண்டதன் பேரில் மூன்று ஊர்களைக் கொடுத்திருக்கிறார்கள். சேட்டுப்பாக்கம், விளங்காட்டங்கடுவனூர், இறைப்புணைச்சேரி. வாகூர்தான் இன்றைய பாகூர். கங்கையின் வேகத்தைச் சிவபெருமான் ஜடையில் தாங்கியதுபோல, கல்வி என்னும் பெருவெள்ளத்தை இந்த ஊர் தாங்கிக்கொண்டது என்ற கருத்தில் புலவர் ஓர் உவமை சொல்லியிருக்கிறார். வெறும் அலங்காரம் என்று அதைத் தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. வெள்ளத்தைத் தாங்குவது என்றால் என்ன என்பது பாகூர்க்காரனுக்குத் தெரிந்த விஷயம். தாங்காவிட்டால் என்ன ஆகும் என்பதும் தெரிந்த விஷயந்தான்.

செப்பேட்டில் அரசன் பெயர் இருக்கிறது. அவனுடைய முன்னோர் பெயர்கள் வரிசையாக இருக்கின்றன. வேண்டிக்கொண்டவன் பெயர், பாடிய புலவர் பெயர், எழுத்தைச் செதுக்கிய காஞ்சிபுரத்துத் தட்டான் பெயர் எல்லாம் இருக்கின்றன. தட்டான் வரையில் இறங்கி வந்த அந்தப் பெருந்தன்மையைப் பாராட்டத்தான் வேண்டும். ஆனால் அந்த மூன்று ஊர்களையும் மனிதர் குடியிருக்கும் ஊர்களாக ஆக்கியவர்களின் பெயர் எங்கேயும் இல்லை. கதை எழுதிப் பிழைக்கிறவனுக்கு ஒரு கெட்ட வழக்கம் உண்டு. பத்திரத்தில் யார் பெயர் இருக்கிறது என்று பார்ப்பதைவிட, யார் பெயர் இல்லை என்று பார்ப்பான். நான் பாகூருக்குப் போனது அந்த வழக்கத்தினால்தான்.

புதுச்சேரிக்கு வருகிறவர்களில் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் கடற்கரையையும், மஞ்சள் வர்ணம் பூசிய பிரெஞ்சு வீடுகளையும் பார்த்துவிட்டுத் திரும்பி விடுகிறார்கள். வில்லியனூர், பாகூர் என்ற பெயர்கள் அவர்களுக்குப் பஸ்ஸின் நெற்றியில் எழுதியிருக்கும் பெயர்கள் மட்டுமே. ஆனால் அந்தப் பட்டணத்துக்குச் சோறு வந்தது இந்தப் பக்கத்திலிருந்துதான். பாகூருக்குப் புதுச்சேரியின் நெற்களஞ்சியம் என்று பெயர். வடக்கே செஞ்சி மலைகளில் பிறந்து வரும் சங்கராபரணி. அதையே செஞ்சி ஆறு என்றும் வராக நதி என்றும் சொல்வார்கள். வில்லியனூர் அதன் கரையில் இருக்கிறது. தெற்கே, கர்நாடகத்து நந்தி மலையில் புறப்பட்டு அத்தனை தூரம் வந்து கடலூர் அருகே கடலில் விழும் தென்பெண்ணை. பாகூர் அதன் பக்கம். நடுவில் குடுவையாறு, மலட்டாறு என்று சில்லறை ஆறுகள். மலட்டாறு என்று பெயர் வைத்த மனிதன் மிகவும் மனம் நொந்து வைத்திருக்க வேண்டும்.

ஆறுகள் இத்தனை இருந்தும் வருஷத்தில் பெரும்பகுதி மணல்தான். ஐப்பசி கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை கொட்டும். இரண்டு கரையும் தொட்டு ஓடும். தைக்குப் பிறகு ஆற்றுக்குள் மாட்டு வண்டி போகும். இரண்டு மாத வெள்ளத்தைப் பிடித்துப் பத்து மாதம் வைத்துக்கொள்ள வேண்டும் என்பதே இந்தப் பக்கத்து ஜனங்களுக்கு ஆதிநாள் முதல் இருந்த பிரச்னை. அதற்கு அவர்கள் கண்ட விடை ஏரி.

புதுச்சேரிப் பகுதியில் 84 ஏரிகளைக் கணக்கில் வைத்திருக்கிறார்கள். அவற்றில் 59 ஏரிகளுக்கு ஆற்றிலிருந்து வாய்க்கால் வழியே தண்ணீர் வருகிறது. மீதி 25 ஏரிகள் வானத்தை நம்பியவை. எல்லாவற்றிலும் பெரியது வில்லியனூர்ப் பக்கத்து ஊசுட்டேரி. அடுத்தது பாகூர் ஏரி. ஊசுட்டேரிக்குச் சங்கராபரணியிலிருந்து சுத்துக்கேணி வாய்க்கால். பாகூர் ஏரிக்குப் பெண்ணையாற்றில் சொர்ணாவூர் அணைக்கட்டிலிருந்து பங்காரு வாய்க்கால்.

ஏரி என்ற சொல்லைக் கேட்டதும் காஷ்மீரத்து ஏரிகளையும் சுவிட்ஜர்லாந்து தேசத்துக் காலண்டர் படங்களையும் நினைத்துக்கொள்கிற வாசகர்கள் மன்னிக்க வேண்டும். அவை கடவுள் வைத்த தண்ணீர். நம் ஏரிகளில் கடவுளின் பங்கு மழை மட்டுமே. மற்றதெல்லாம் மனிதன் செய்தது. நிலம் மேற்கிலிருந்து கிழக்கே கண்ணுக்குத் தெரியாமல் சரிந்து போகிறது. அந்தச் சரிவைக் கண்டுபிடித்து, கீழ்ப்புறத்தில் பிறைச் சந்திரனைப்போல் வளைத்து ஒரு மண் கரை போட்டார்கள். அவ்வளவுதான் ஏரி. சொல்வதற்கு அவ்வளவுதான். ஆனால் கரை எங்கே தொடங்கி எங்கே முடிய வேண்டும்? மதகு எந்த மட்டத்தில் இருந்தால் கடைமடை வயலுக்குத் தண்ணீர் ஏறும்? கலங்கல் எவ்வளவு உயரத்தில் இருந்தால் பெருவெள்ளத்தில் கரை உடையாமல் தப்பும்? வழியும் தண்ணீர் கீழேயுள்ள அடுத்த ஏரிக்குப் போகுமா, அடுத்தவன் வீட்டுக்குப் போகுமா? இத்தனை கேள்விக்கும் காகிதமும் கருவியும் இல்லாத காலத்தில் விடை கண்டிருக்கிறார்கள்.

ஏரி வந்த பிறகுதான் ஊர்கள் தத்தம் இடத்தில் உட்கார்ந்தன. பாகூரைச் சுற்றியுள்ள ஊர்ப் பெயர்களைச் சும்மா சொல்லிப் பாருங்கள்: சேலியமேடு, உச்சிமேடு, குருவிநத்தம், அரங்கனூர், சோரியாங்குப்பம், கிருமாம்பாக்கம், மணப்பட்டு. தண்ணீர் ஏறாத இடம் மேடு. குடியிருப்புக்கு ஒதுக்கிய இடம் நத்தம். கடற்கரைப் பக்கம் குப்பம், பாக்கம். நிலத்தின் ஏற்ற இறக்கத்தை யாரோ ஒருவர் நடந்து நடந்து பார்த்துப் பெயராக எழுதி வைத்துவிட்டுப் போனதுபோல் இருக்கிறது. கோயிலும் பெரிய தெருவும் மேட்டில். சேரி தாழ்ந்த பக்கத்தில். நம் நாட்டில் ஒரு ஊருக்குள் நுழைகிறவன் யாரையும் எதுவும் கேட்க வேண்டாம். மழை நாளில் எந்தத் தெருவில் தண்ணீர் நிற்கிறது என்று பார்த்தால் போதும்.

ஏரி ஒரு தரம் வெட்டி முடித்துவிடுகிற காரியமும் அல்ல. ஒவ்வொரு வெள்ளமும் தண்ணீரோடு வண்டலைக் கொண்டுவந்து படிய வைக்கும். வாராவிட்டால் இரண்டு மூன்று தலைமுறையில் ஏரி, வயலைப்போல மேடாகிவிடும். ஆகவே ஏரியை வருஷந்தோறும் புதிதாக வெட்ட வேண்டும். பாகூர் மூலநாதர் கோயில் கல்வெட்டுக்களில் ஆயிரம் வருஷத்துக்கு முந்திய செய்தி ஒன்று உண்டு. ஏரியில் வண்டல் வாருவதற்கு ஊர்ச் சபை ஏற்பாடு செய்கிறது: பத்து வயதுக்கு மேற்பட்டு எண்பது வயதுக்கு உட்பட்டவர்கள் வருஷா வருஷம் ஏரியில் குழி வெட்டி மண்ணைக் கரையில் போட வேண்டும்.

பத்து வயதுப் பையன் எவ்வளவு மண் வெட்டுவான்? எழுபத்தொன்பது வயதுக் கிழவர் எவ்வளவு சுமப்பார்? சபையார் அதை யோசிக்காமல் இருந்திருக்க மாட்டார்கள். ஏரியில் கால் வைக்காமல் ஊரில் இருக்கக் கூடாது என்பதுதான் அவர்கள் எண்ணம் என்று எனக்குத் தோன்றுகிறது. அந்தப் பையன் சுமந்த ஒரு கூடை மண்ணால் கரை உயராது. ஆனால் அவன் வளர்ந்து பெரியவனாகிக் கரைமேல் நடக்கும்போது, அதில் தன்னுடைய மண்ணும் இருக்கிறது என்று அவனுக்குத் தெரியும்.

இந்தக் கோயில் கல்வெட்டுக்களில் ஒரு வேடிக்கை உண்டு. சிலவற்றில் சோழ ராஜாவின் ஆண்டு போட்டிருக்கிறது. சிலவற்றில் கன்னரதேவனின் ஆண்டு. கன்னரதேவன் என்பவன் இராஷ்டிரகூட மன்னன் மூன்றாம் கிருஷ்ணன். 949-இல் தக்கோலப் போரில் சோழ இளவரசன் இராஜாதித்தன் யானைமேல் இறந்தான் அல்லவா? அதற்குப் பிறகு சில காலம் இந்தப் பகுதி வடக்கத்தியான் கையில் இருந்தது. தலைக்குமேல் சாம்ராஜ்யம் மாறியிருக்கிறது. சபையார் தேதியின் தலைப்பை மாற்றிக்கொண்டு ஊர்க் காரியத்தைக் கவனித்தார்கள். எந்த ராஜா வந்தாலும் கார்த்திகையில் வெள்ளம் வரும், வெள்ளத்தோடு வண்டலும் வரும்.

வில்லியனூருக்கு மேற்கே திரிபுவனை என்று ஓர் ஊர் இருக்கிறது. அங்குள்ள பெருமாள் கோயில் கல்வெட்டு ஒன்று, முதலாம் இராஜாதிராஜன் காலத்தில், 1048-இல், அங்கே நடந்த கல்லூரியைப் பற்றிச் சொல்கிறது. 260 மாணாக்கர், 12 ஆசிரியர். அவர்களைப் போஷிக்க 72 வேலி நிலம். அதிலிருந்து வருஷத்துக்கு 12,000 கலம் நெல். படிக்கிறவர்களும் சொல்லிக் கொடுக்கிறவர்களும் ஊர் வாரியங்களில் வேலை செய்யத் தேவையில்லை என்று விலக்கும் கொடுத்திருக்கிறார்கள். நியாயந்தான். வேதமும் வியாகரணமும் படிக்கிறவர்களைக் கூப்பிட்டு மதகைத் திற, மடையை அடை என்றால் முடியுமா? ஆனால் 12,000 கலம் நெல் எங்கிருந்து வந்தது? திரிபுவனை ஏரியிலிருந்து. கோக்கிழானடிப் பேரேரி என்று முதற் பராந்தகனின் பட்டத்தரசி பெயரை அந்த ஏரிக்கு வைத்திருந்தார்கள். அரசியின் பெயரால் ஏரி, ஏரியால் நெல், நெல்லால் கல்லூரி. சங்கிலி அழகாகத்தான் இருக்கிறது. முதல் கண்ணிக்கு முன்னால் ஒரு மண்வெட்டி இருந்திருக்க வேண்டும். அது மட்டும் கல்வெட்டில் ஏறவில்லை.

இங்கேதான் ஊர் ஜனங்கள் சொல்லும் கதையை நாம் கேட்க வேண்டும். பாகூர் ஏரிக் கரையில், பனைமரத்து நிழலில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு பெரியவர் எனக்குச் சொன்னார்.

"சிங்காரி, பங்காரின்னு ரெண்டு பேருங்க. அக்கா தங்கச்சி. தாசிங்க. ஒருத்தி ஏரிய வெட்டுனா, இன்னொருத்தி ஆத்துலேருந்து வாய்க்கால வெட்டுனா. அந்தப் பங்காரி வெட்டுனதுதான் பங்காரு வாய்க்கா."

"ராஜா யாரும் வெட்டவில்லையா, பெரியவரே?" என்று கேட்டேன்.

"ராஜா எதுக்குங்க ஏரி வெட்டுறான்? அவன் வந்தா சண்டைக்கில்ல வருவான்" என்றார் அவர்.

இந்தக் கதையைப் படித்தவர்கள் ஒரே நிமிஷத்தில் தள்ளிவிடலாம். பங்காரு என்றால் தெலுங்கில் பொன். வாய்க்கால் புறப்படும் ஊர் சொர்ணாவூர். சொர்ணம் என்றாலும் பொன்தானே? விஜயநகரத்தாரும் நாயக்கர்களும் ஆண்ட நாளில் சொர்ணத்தைத் தெலுங்கில் திருப்பிப் பங்காரு என்று சொல்லியிருப்பார்கள். பிற்காலத்தவர்கள் அந்தப் பெயருக்கு ஒரு தாசியைப் பெற்றெடுத்திருப்பார்கள். இப்படி ஒரு விளக்கத்தை நானே எழுதிக் காட்ட முடியும். பொருந்தியும் விடும். ஆனால் சிங்காரி? அவள் எங்கிருந்து வந்தாள்? ஒரு வாய்க்காலுக்குப் பெயர்க் காரணம் சொல்ல ஒருத்தி போதுமே, இரண்டு பேர் எதற்கு?

இந்தப் பக்கத்தில் தண்ணீருக்கும் தாசிக்கும் உள்ள உறவு பாகூரோடு நிற்கவில்லை. புதுச்சேரிப் பட்டணத்தின் நடுவில், பாரதி பூங்காவில், வெள்ளை வெளேரென்று ஆயி மண்டபம் நிற்கிறது. ஆயி யார்? கிருஷ்ணதேவராயர் இந்த வழியாகப் போனபோது, விளக்கொளியில் பிரகாசித்த ஒரு மாளிகையைக் கோயில் என்று நினைத்துக் கும்பிட்டுவிட்டாராம். அது ஆயி என்ற தாசியின் வீடு என்று தெரிந்ததும் கோபங்கொண்டு இடிக்கச் சொன்னார். 'நானே இடித்துவிட்டு அந்த இடத்தில் குளம் வெட்டுகிறேன்' என்று அவள் வேண்டிக்கொண்டாள். முத்தரையர்பாளையத்தில் அந்தக் குளம் தோன்றியது இப்படித்தான் என்பது கதை. பிற்காலத்தில், மூன்றாம் நெப்போலியன் பிரான்சில் சக்கரவர்த்தியாக இருந்தபோது, லமெரெஸ் என்ற பிரெஞ்சு எஞ்சினீயர் முத்தரையர்பாளையத்துத் தண்ணீரைப் பட்டணத்துக்குக் கொண்டுவந்து சேர்த்தார். அதன் நினைவாக எழுந்ததே மண்டபம். அந்த எஞ்சினீயர் திருக்குறளைப் பிரெஞ்சில் மொழிபெயர்த்தவர் என்பது கூடுதல் விசேஷம். சக்கரவர்த்தியின் காலத்து மண்டபம் ஒரு தாசியின் பெயரைச் சுமந்துகொண்டு நிற்கிறது. இன்றைக்குப் புதுச்சேரி அரசாங்கத்தின் சின்னமும் அதுவே.

எனக்கு ஒன்று தோன்றுகிறது. குடும்ப ஸ்திரீக்குச் சொத்தில்லாத காலத்தில், தன் பெயரில் சொத்து வைத்துக்கொள்ளவும், தன் இஷ்டப்படி தானம் செய்யவும் முடிந்த பெண் தாசி ஒருத்திதான். கோயில் கல்வெட்டுக்களில் அவர்கள் விளக்கு வைத்ததும் நிலம் விட்டதும் எத்தனையோ இடத்தில் இருக்கின்றன. ஆகவே ஒரு தாசி வாய்க்கால் வெட்டினாள் என்பது நடக்கக் கூடாத காரியமல்ல. நடக்கவே இல்லை என்று வைத்துக்கொண்டாலும், ஜனங்கள் ஏன் அவளைத் தேர்ந்தெடுத்தார்கள்? கடலூர் ஜில்லாவில் வீராணம் ஏரி இருக்கிறது. கல்கி 'பொன்னியின் செல்வ'னைத் தொடங்கியது அந்த ஏரிக் கரையில் அல்லவா? இராஜாதித்தன் போருக்காகக் கொண்டுவந்த படைவீரர்களைக்கொண்டு அதை வெட்டினான் என்பார்கள். அந்த ஏரிக்கு ஓர் இளவரசன் கிடைத்தான். பாகூர் ஏரிக்கு எந்த ராஜாவும் உரிமை கொண்டாடி எழுதி வைக்கவில்லை. பெயர் வைக்கும் பொறுப்பு ஜனங்கள் கையில் விழுந்தது. அவர்கள் சபையார் பெயரை வைக்கவில்லை, செப்பேட்டு அரசன் பெயரை வைக்கவில்லை. ஊரார் மரியாதை கொடுக்காத இரண்டு பெண்களின் பெயரை வைத்தார்கள். உழைத்தவர்களைப் பற்றி எழுத்தில் ஒன்றும் இல்லை என்ற குறையை, வாய்மொழியாகவாவது பாதி தீர்த்துக்கொண்டார்கள் என்றுதான் நான் நினைக்கிறேன்.

பாதிதான். சிங்காரியும் பங்காரியும் பணம் கொடுத்திருக்கலாம். மண்வெட்டி பிடித்தவர்கள் வேறு. தென்னாடு முழுவதும் ஏரியும் குளமும் வெட்டுவதையே குலத்தொழிலாகக் கொண்டு ஊர் ஊராகப் போன ஒட்டர்கள் இருந்தார்கள். மண்வெட்டும் இடத்தில் நடுவே ஒரு சிறு திட்டை மட்டும் வெட்டாமல் நிறுத்தி வைப்பார்கள். எவ்வளவு ஆழம் தோண்டினார்கள் என்பதற்கு அந்தத் திட்டே சாட்சி. அதை அளந்து கூலி. கூலி கொடுத்தவுடன் அந்தத் திட்டையும் வெட்டித் தள்ளிவிடுவார்கள். உழைப்புக்கு இருந்த ஒரே சாட்சியமும் அதோடு போயிற்று.

பிரெஞ்சுக்காரர்கள் இந்த ஊர்களுக்கு வந்தது 1749-ஐ ஒட்டி. சந்தா சாகிப்புக்கு டூப்ளே உதவி செய்தார். உதவிக்குப் பிரதியாக வில்லியனூரும் பாகூரும் கிடைத்தன. மூன்று வருஷத்தில் பாகூர் வயல்களே போர்க்களமாயின. 1752 செப்டம்பர் 6-ஆம் தேதி ஆங்கிலத் தளபதி லாரன்ஸும், டூப்ளேயின் மருமகன் கெர்ஜானும் அங்கே மோதினார்கள். துப்பாக்கி முனைக் கத்தியால் குத்திக்கொள்ளும் அளவுக்கு நெருங்கிய சண்டை. கெர்ஜான் சிறைப்பட்டார். சரித்திரப் புத்தகங்களில் பாகூருக்குப் பெரிய எழுத்தில் இடம் கிடைத்தது இந்த ஒரு நாளுக்காகத்தான். ஆயிரம் வருஷம் நெல் விளைந்ததற்குக் கிடைக்கவில்லை. 'சண்டைக்கில்ல வருவான்' என்று பெரியவர் சொன்னது எவ்வளவு உண்மை!

1783-இல் வெர்ஸேல்ஸ் அரண்மனையில் இங்கிலாந்தும் பிரான்சும் சமாதானம் பேசியபோது, புதுச்சேரியைச் சுற்றிப் பிரெஞ்சுக்காரர்களுக்குச் சேர வேண்டிய நிலம் என்று இந்த இரண்டு மாகாணங்களின் பெயரும் உடன்படிக்கையில் ஏறின. உள்ளூரில் ஒருவரையும் கேட்கவில்லை என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. கிராமம் கிராமமாகப் பொறுக்கிக் கொடுத்ததால் எல்லைக்கோடு கிழிந்த வேஷ்டியின் ஓரம்போல் ஆயிற்று. இன்றைக்கும் நெட்டப்பாக்கம், மடுகரைப் பக்கம் பஸ்ஸில் போகிறவர் சற்றுக் கண் அயர்ந்தால், புதுச்சேரியில் தூங்கித் தமிழ்நாட்டில் விழித்து மறுபடி புதுச்சேரியில் இறங்குவார்.

மனிதனுக்கு இது வேடிக்கை. தண்ணீருக்கு அப்படியல்ல. ஏறக்குறைய 800 ஹெக்டேர் பரப்புள்ள ஊசுட்டேரியின் நடுவிலேயே எல்லை போகிறது. பாதி புதுச்சேரி, பாதி தமிழ்நாடு. 2008-இல் புதுச்சேரி தன் பாதியைப் பறவைகள் சரணாலயம் என்று அறிவித்தது. தமிழ்நாடு தன் பாதியை அறிவித்தது 2014-இல். இடைப்பட்ட ஆறு வருஷத்தில் நத்தைகுத்தி நாரைகள் எந்தப் பாதியில் நின்றால் தமக்குச் சட்டப் பாதுகாப்பு என்று தெரிந்துகொண்டிருந்தனவா என்பதை யாரும் விசாரிக்கவில்லை. பாகூர் ஏரி முழுவதும் புதுச்சேரியில் இருக்கிறது. ஆனால் சொர்ணாவூர் அணைக்கட்டு இருப்பது தமிழ்நாட்டில். பெண்ணையாற்றுத் தண்ணீர் பங்காரு வாய்க்காலில் எப்போது, எவ்வளவு திரும்ப வேண்டும் என்பதற்குப் பழைய நாளில் ஆங்கில சர்க்காரும் பிரெஞ்சு சர்க்காரும் கூடி ஒப்பந்தம் எழுத வேண்டி வந்தது. பத்து வயதுப் பையன் ஒரு கூடை மண்ணால் தீர்த்துக்கொண்ட உரிமை, இரண்டு பேரரசுகளின் கோப்பில் போய்ச் சேர்ந்துவிட்டது.

1954 அக்டோபர் 18-ஆம் தேதி வில்லியனூரை அடுத்த கீழூரில் ஜனப் பிரதிநிதிகள் 178 பேர் கூடி வாக்களித்தார்கள். இந்தியாவோடு சேர 170 பேர். வேண்டாம் என்று 8 பேர். நவம்பர் முதல் தேதி பிரெஞ்சு ஆட்சி முடிந்தது. கொடி மாறியது. எல்லைக்கோடு மட்டும், யூனியன் பிரதேசத்து எல்லையாக அப்படியே தங்கிவிட்டது.

பெரிய மாறுதல் வேறு திசையிலிருந்து வந்தது. 1870-களில் புதுச்சேரியில் குழாய் இறக்கித் துளைத்தபோது தண்ணீர் தானாகவே தரைக்குமேல் பொங்கி வழிந்தது. இயந்திரமில்லை, ஏற்றமில்லை. அதைப் பார்த்த ஜனங்கள் பூமாதேவி பால் சுரக்கிறாள் என்று நினைத்திருப்பார்கள். பிற்பாடு மின்சார மோட்டார் வந்தது. வயலுக்கு வயல் ஆழ்துளைக் கிணறு. ஒரு பொத்தானை அழுத்தினால் தண்ணீர் வரும்போது, ஏரியை யார் நினைப்பார்கள்? வாய்க்கால் முறைக்காகப் பக்கத்து வயல்காரனிடம் சண்டை போட வேண்டாம். அவனிடம் பேசவே வேண்டாம். வண்டல் வாரக் கூப்பிட்டால் 'எனக்கு மோட்டார் இருக்கிறது' என்று சொல்லிவிடலாம். இப்படியே ஏரி அனாதையாகியது. அனாதை ஆன ஏரியைக் குப்பையும் ஆக்கிரமிப்பும் தத்து எடுத்துக்கொண்டன. நிலத்தடி நீர் கீழே கீழே போயிற்று. கடலோரத்துக் கிணறுகளில் உப்புத் தட்டிற்று. மோட்டார் வைத்தவர்கள்மேல் எனக்குக் கோபமில்லை. ஏரித் தண்ணீருக்காகக் கடைமடையில் இரவு முழுவதும் காத்து நின்றவனுக்குத்தான் மோட்டாரின் சுகம் தெரியும்.

1999-இல் ஐரோப்பிய ஒன்றியத்தின் பண உதவியோடு 84 ஏரிகளையும் செப்பனிடும் திட்டம் தொடங்கி, 2008 வரையில் நடந்தது. கரையைப் பலப்படுத்தினார்கள், மதகுகளைப் புதுப்பித்தார்கள், வண்டலை வாரினார்கள். ஏரிக்கு ஏரி சங்கம் அமைத்தார்கள். நிலமுள்ளவர்களோடு நிலமில்லாதவர்களுக்கும் பெண்களுக்கும் அந்தச் சங்கங்களில் இடம் வைத்தார்கள். திட்டத்தில் எனக்கு மிகவும் பிடித்த அம்சம் இதுதான். நிலமில்லாதவனுக்கு ஏரியில் என்ன வேலை என்று கேட்டவர்கள் இருந்திருப்பார்கள். மீனும் கோரையும் கால்நடைக்குத் தண்ணீரும், வாரிய வண்டலுக்குக் கூலியும், வயலில் நடவு வேலையும் அவனுக்கு ஏரியிலிருந்துதான் வர வேண்டும். ஆயக்கட்டுக் கணக்கில் மட்டும் அவன் பெயர் இருந்ததில்லை.

ஆடு மேய்த்த பெரியவரிடம் நான், "உங்களுக்கு இந்த ஏரிப் பாசனத்தில் எவ்வளவு நிலம்?" என்று கேட்டேன்.

"நெலமா?" என்று சிரித்தார். "நமக்கேதுங்க நெலம்? எங்கப்பா கரைக்கு மண்ணு போட்டிருக்காரு, நானும் போட்டிருக்கேன். ஒடப்பு எடுத்தா மொதல்ல எங்க தெருவுக்குத்தான தண்ணி வரும்?"

அவர் சொன்னதை 2024-ஆம் வருஷத்துக் கடைசியில் பாகூர் பார்த்தது. நவம்பர் 30-ஆம் தேதி இரவு பெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் மழை. அது போதாதென்று மேலே சாத்தனூர் அணை நிரம்பி, விநாடிக்கு ஒன்றரை இலட்சம் கன அடிக்கு மேல் பெண்ணையாற்றில் திறந்துவிட வேண்டியதாயிற்று. ஆறு கரையை மீறி பாகூர்ப் பகுதிக் கிராமங்களுக்குள் புகுந்தது. சம்பாப் பயிர் மூழ்கியது. ஜனங்களைப் படகில் ஏற்றிக்கொண்டு வந்தார்கள். அந்த நாட்களில் படங்களைப் பார்த்தபோது, எந்த வீடு முழுகியிருக்கிறது, எந்த வீட்டுத் திண்ணையில் ஆட்கள் உலர்ந்த வேட்டியோடு உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதையே என் கண் தேடிக்கொண்டிருந்தது. மேடு என்று முடியும் பெயர்களும் மற்ற பெயர்களும் அதில் தெளிவாகத் தெரிந்தன.

வெள்ளம் வடிந்தபின் வயல்களில் வண்டல் படிந்திருந்தது. சில இடங்களில் மணலும். வாய்க்கால்களைத் தூர்வார வேண்டியிருந்தது, உடைந்த கரைகளுக்கு மண் போட வேண்டியிருந்தது. இந்தக் காலத்தில் அதற்கு மண்வெட்டும் இயந்திரம் வருகிறது. நாலு நாள் வேலையை அரை நாளில் முடித்துவிடுகிறது. இயந்திரம் போக முடியாத மதகடிகளிலும் வாய்க்கால் முனைகளிலும் இன்னமும் ஆட்கள்தான் இறங்குகிறார்கள். அவர்களில் பெரும்பாலோர் பெண்கள். தினக் கூலிக்கு வேலை உறுதித் திட்டத்து அட்டையோடு வருகிறவர்கள். வருகைப் பதிவில் ஒவ்வொருவர் பெயரும் இருக்கிறது.